டாக்டர் வீட்டுச் சண்டை

"இதென்ன விமானக் கடையா, உங்க வீட்டுப் பரணா?" என்று எரிந்து விழுந்தார் கடைக்காரர்.

பஸ் டிரைவர் அசரவில்லை. கையிலிருந்த அட்டைப்பெட்டியை மேஜைமேல் இறக்கினார். உள்ளே நாலு மாதிரி விமானங்கள். எல்லாமே இதே கடையில் அவர் ஆசை ஆசையாக வாங்கியவை.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. வீட்டுல வெள்ளையடிக்கிறோம், வைக்க இடமில்லை. யாராவது கேட்டா வித்துடுங்க. நான் கொடுத்த விலை வந்தா போதும். மேலே வர்றது உங்களுக்கு."

பதிலுக்குக்கூட நிற்காமல் நழுவிவிட்டார்.

"பார்த்தியா? போன வாரம் தையல்காரர் தன் விமானங்களைக் கொண்டுவந்து வச்சார். எலித் தொல்லையாம்! இன்னிக்கு இவர். வரி ஏறினதும் எல்லாருக்கும் ஆசை இறங்கிடுச்சு!" கல்லாவில் இருந்த மனைவியிடம் பொருமினார் கடைக்காரர்.

பொருமாமல் என்ன செய்வார், பாவம்! அசல் விமானத்தை அப்படியே சுருக்கி வைத்தாற்போல் இருக்கும் அந்தச் சரக்கெல்லாம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். இறக்குமதி வரியை ஒரே தூக்காகத் தூக்கிவிட்டார்கள். புது விலையைக் கேட்டால், இதுக்கு நிஜ விமானத்திலேயே ஒரு சுற்று சுற்றி வந்துவிடலாமே என்று தோன்றியது. ஆர்டரை நிறுத்தினார். அலமாரி காலியானது. கடையை மூடப்போகிறார்கள் என்று நினைத்து, எட்டிப் பார்த்தவர்களும் வாசலோடு திரும்பினார்கள். இன்னும் கொஞ்ச நாள் அப்படியே போயிருந்தால் நிஜமாகவே மூட வேண்டியதுதான்.

அதற்காக யாராவது உதவி கிதவி என்று வாயைத் திறந்துவிட முடியுமா? ஓசியில் ஒரு டீகூடக் குடிக்காத மனுஷன் அவர்.

"வர்ற சரக்கை எதுக்குத் திட்டறீங்க? அலமாரி நிறைஞ்ச பிறகுதான் நாலு பேர் உள்ளே வர்றாங்க. புது விலையை விடக் கம்மிங்கிறதால வாங்கவும் செய்யறாங்க" என்றாள் மனைவி.

"வாங்கட்டும். ஆனா இவங்களை நினைச்சாத்தான் ஆத்திரமா வருது. இறக்கையில ஒரு கீறல் விழுந்தாக்கூடத் தூக்கம் வராத ஆளுங்க! இப்ப என்னடான்னா, பழைய பேப்பர் மாதிரி கொண்டுவந்து கொட்டிட்டுப் போறாங்க."

மறுநாள் பல் டாக்டர் வந்தார். அவர் பெட்டியைத் திறந்ததும் கடைக்காரர் ஆடிப்போய்விட்டார்.

அந்த வெள்ளி விமானம்! பழைய காலத்துத் தபால் விமானம். அது ஒன்றுக்காக டாக்டர் ஒரு வருஷம் தவம் கிடந்தார். வந்து சேர்ந்த அன்றைக்குக் கிளினிக்கையே பூட்டிக்கொண்டு ஓடி வந்தவர்.

"டாக்டர், இதையுமா?"

"என்ன பண்றது சார்..." டாக்டர் கூரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "என் பொண்டாட்டி ஒரே கத்தல். 'அந்த விமானம் வேணுமா, நான் வேணுமா'ன்னு கேட்டுட்டா."

விமானத்தின் மூக்கை ஒரு தடவை தடவிக் கொடுத்தார். விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

கடைக்காரருக்கு மனசே ஆறவில்லை. "பத்து வருஷப் பழக்கம். தங்கமான மனுஷன். அவருக்குப் போய் இப்படி ஒரு ராட்சசியா வாய்க்கணும்?"

"அந்தம்மாவை நீங்க பார்த்திருக்கீங்களா?"

"எங்கே பார்த்தேன்? நாங்க உட்கார்ந்தா விமானம்தான் பேசுவோம். வீட்டுக் கதையெல்லாம் எவன் கேட்டான்?"

"நல்ல சிநேகிதம்!" என்று மனைவி சிரித்தாள்.

சாயங்காலமே ஒருவர் வந்து அந்த வெள்ளி விமானத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பேரம்கூடப் பேசவில்லை. பர்ஸைத் திறந்துவிட்டார். அந்த ஒரு வியாபாரம் நடந்தால் போதும், இந்த மாத வாடகைக் கவலை தீர்ந்தது.

கடைக்காரர் விமானத்தை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார்.

"மன்னிக்கணும் சார். இது வித்தாச்சு."

வந்தவர் போனதும் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "வித்தாச்சா? யாருக்கு? வீடு தேடி வந்த வியாபாரத்தை இப்படியா விரட்டுவாங்க?"

"சும்மா இரு. அவர் அதைத் தடவிக் கொடுத்ததைப் பார்த்த பிறகு எனக்கு விக்கக் கை வரலை. நானே நேர்ல போய் அந்தம்மாகிட்ட நாலு வார்த்தை சொல்லப் போறேன்."

"புருஷன் பொண்டாட்டி சண்டையில தலையைக் கொடுக்காதீங்க. வாங்கிக் கட்டிக்கிட்டுத்தான் வருவீங்க."

"வாங்கினா வாங்கிட்டுப் போறேன்!"

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். விலாசம் கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்து மணியை அடித்தார். கதவைத் திறந்தது டாக்டரின் அக்கா.

"தம்பி கிளினிக்ல இருக்கானே. நீங்க?"

"விமானக் கடைக்காரன்மா. நான் டாக்டரைப் பார்க்க வரலை. அவர் சம்சாரத்தைக் கொஞ்சம் கூப்பிடுங்க." வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு மடை திறந்தது. "டாக்டர் குடிக்கிறாரா? சீட்டாடறாரா? ஆசையா ஒரு விமானம் வச்சிருக்கறது அவ்வளவு பெரிய குத்தமா? இதை வித்தாத்தான் ஆச்சுன்னு ஒரு பொண்டாட்டி அடம் பிடிக்கலாமா? நீங்களாவது நாத்தனாரா, லட்சணமா எடுத்துச் சொல்லக் கூடாதா?"

அக்கா பெட்டியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் சிரிப்பு அடங்கவில்லை.

"உங்க அலமாரி காலியாக் கிடக்கறதைப் பார்க்கச் சகிக்காம, மூணு பேரும் எங்க வீட்டு மாடியிலதான் சார் கூடிப் பேசினாங்க. 'அவர் ரோஷக்காரர், உதவின்னு தெரிஞ்சா வாங்க மாட்டார், நம்பற மாதிரி ஏதாவது பொய் சொல்லு'ன்னு டிரைவரும் தையல்காரரும் இவனுக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. இந்த மண்டு இப்படியா போய் உளறி வைப்பான்? இவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகலை!"