ஹாலை அடைத்த டீப்பாய்

கதவைத் திறந்தவன், ஹாலுக்குள் கால் வைக்க இடமில்லாமல் வாசலிலேயே நின்றுவிட்டான்.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வெறுந்தரையாக இருந்த இடத்தில் இப்போது ஒரு பெரிய மர டீப்பாய். அதை ஒட்டி, மெத்தை வைத்துத் தைத்த இரண்டு சதுர ஸ்டூல்கள். கடைக்காரர்கள் அதற்கு ஒட்டோமான் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் என்னவாக இருந்தால் என்ன, பத்துக்குப் பத்து ஹாலில் சோபா போக மிச்சமிருந்த தரையை மூன்றும் சேர்ந்து விழுங்கிவிட்டன.

அவன் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். இண்டு இடுக்கில் வண்டியை நுழைக்க ஊருக்கே சொல்லிக்கொடுப்பவன். சொந்த ஹாலில் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்துதான் சமையலறைக்குப் போய்ச் சேர்ந்தான்.

"என்ன இதெல்லாம்?"

"டீப்பாய்" என்றாள் மனைவி, அடுப்பிலிருந்து திரும்பாமலே. "நல்லாயிருக்கா?"

"இன்னிக்கு யார் வர்றாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"இல்லாம என்ன? மாமா வர்றாரு. இன்னும் அரை மணி நேரத்துல."

"அவர் எங்க படுப்பாரு?"

அவள் அடுப்பைத் தணித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

அப்பா இந்தத் தடவை நாலு நாள் தங்கிவிட்டுப் போக வரவில்லை. தனியாக இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கேயே இருந்துவிட வருகிறார். அதற்கும் லேசில் சம்மதிக்கவில்லை. "ஒரே பெட்ரூம் வீடு. நான் இடைஞ்சல்னு ஒரு நிமிஷம் தோணிச்சுன்னாலும் முதியோர் இல்லத்துக்குப் போயிடுவேன். அப்புறம் யாரும் கூப்பிட வரக் கூடாது" என்று கறாராகப் பேசிவிட்டுத்தான் பெட்டி கட்டினார். சொன்னதைச் செய்கிற ஆள்.

"போன ரெண்டு தடவையும் இந்த இடத்துலதானே படுத்தாரு? பார்த்துப் பார்த்து அதையே அடைச்சு வெச்சிருக்கியே! அவர் வர்றது பிடிக்கலைன்னா முன்னாடியே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"பிடிக்கலைன்னு நான் எப்பங்க சொன்னேன்?"

"இதை விட எப்படிச் சொல்லணும்? எங்கப்பா உன்கிட்ட பெரிசா என்னத்தைக் கேட்டாரு? ஆறடி இடம்!"

அவள் முகம் சுண்டிப்போனது. எதிர்த்துப் பேசியிருந்தால்கூட அவனுக்கு ஆறியிருக்கும்.

டீப்பாயின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான். அசைந்து கொடுக்கவில்லை. சரி, ஸ்டூல்களையாவது மாடிப்படிக்கு அடியில் தள்ளலாம் என்று ஒன்றைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். அவள் ஓடி வந்து வாசலை மறித்தாள்.

"அதை எடுக்காதீங்க."

"வழியை விடு."

"முடியாது."

கல்யாணமான ஒன்பது வருஷத்தில் அவள் அப்படி நின்று அவன் பார்த்ததில்லை. வாயில் என்ன வந்திருக்குமோ, நல்லவேளை, அதற்குள் காலிங் பெல் அடித்தது.

அப்பா. ஒரு கையில் பெட்டி, இன்னொரு கக்கத்தில் சுருட்டிக் கட்டிய படுக்கை. உள்ளே வந்தவர் சோபாவைப் பார்த்தார், டீப்பாயைப் பார்த்தார், ஸ்டூலைக் கட்டிப்பிடித்தபடி நின்ற மகனைப் பார்த்தார்.

"புதுசா?"

"ஆமாப்பா... அது வந்து..."

"அப்ப என் படுக்கையை எங்கடா விரிக்கறது?"

கேட்டே விட்டார். அவனுக்கு அவமானத்தில் காது சுட்டது.

"இங்க இடமே இல்லை மாமா" என்றாள் அவள் பட்டென்று. "உங்க பையன்தான் டீப்பாய் வாங்கியே தீரணும்னு ஒத்தைக் கால்ல நின்னாரு. நான் சொன்னா கேக்கறாரா?"

அவன் மலைத்துப்போய் அவளைப் பார்த்தான்.

"அதனால என்னம்மா, சோபாவுல முடங்கிக்கறேன்."

"அதுல கால் நீட்ட முடியாது மாமா. வேற வழியில்லை, நீங்க உள்ள கட்டில்லதான் படுத்தாகணும்."

"சேச்சே! அது உங்க ரூம். எனக்குத் தரைதான் சுகம்."

"தரை இருந்தா தர மாட்டேனா மாமா?"

அப்பா குனிந்து இன்னொரு தடவை தரையைத் தேடினார். ஒரு முழம்கூடத் தேறவில்லை. மகனைப் பார்த்து, "பொறுப்பே இல்லைடா உனக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே பெட்ரூமுக்குள் போனார். கட்டில் கிறீச்சிட்டது. பிறகு நீளமாக ஒரு "அப்பாடா" கேட்டது.

"நாம எங்க படுக்கறது?" அவன் குரல் இறங்கியிருந்தது.

"சோபா உயரத்துக்கே பார்த்து வாங்கினேன். எல்லாத்தையும் ஒண்ணா நெருக்கி மேல மெத்தையை விரிச்சா ரெண்டு பேர் தாராளமா படுக்கலாம்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"உங்க வாயில நிக்காது. அவருக்காகத்தான்னு தெரிஞ்சா அடுத்த நிமிஷம் பெட்டியைத் தூக்கிடுவாரு."

"அப்பா தரைதான் சுகம்னு எப்பவும்..."

"போன தடவை தினமும் காலையில சோபாவைப் பிடிச்சு, சுவத்தைப் பிடிச்சு, எழுந்திரிக்கறதுக்கே அவருக்குப் பத்து நிமிஷம் ஆகும். நீங்க தூங்கி எழுந்து வர்றதுக்குள்ள முகம் கழுவிட்டுச் சிரிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு."

அவன் ஸ்டூலை மெதுவாகக் கீழே வைத்தான்.

"அப்பாவுக்காக அவ்வளவு சண்டை போட்டீங்களே" என்றாள் அவள், கோபமே இல்லாமல். "தரையைத்தானே கேட்டீங்க?"