வாரண்டு இல்லாமல்

“உங்க வீட்டுக்காரர் வண்டி ரோட்டுல பாம்பா நெளிஞ்சு வந்திருக்கும்மா. குடிச்சிருக்காரான்னு பார்க்கணும்” என்றார் போலீஸ்காரர்.

தையல்காரி கதவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டாள். “வாரண்டு இருக்கா சார்? இல்லாம வாசப்படி தாண்டக் கூடாது. சட்டம் எங்களுக்கும் தெரியும்.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார்.

தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, நாற்காலியில் சரிந்து கிடந்த கணவனிடம் வந்தாள்.

“குடிய விட்டுட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணினியே. போலீசுக்குத்தான் வாரண்டு வேணும், பொண்டாட்டிக்கு வேணாம். ஊதுய்யா.”

ஊதினான். துளி வாடை இல்லை. காற்று வாயின் ஒரு ஓரமாகத்தான் வந்தது. மறு ஓரம் தொங்கிக் கிடந்தது. பேசப் பார்த்தான், நாக்கு புரளவில்லை.

தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு ஓடினாள்.

“சார், போயிடாதீங்க. உள்ள வாங்க, இவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும். வாரண்டெல்லாம் வேணாம் சார்.”