விழாத மெயின்

கார் ஷெட்டில் பித்தளை உருக்கும் மின்சார உலையை ஆவுடையப்பன் எப்போது போட்டாலும், கொஞ்ச நேரத்தில் மெயின் விழுந்து வீடு முழுக்கக் கரண்ட் போய்விடும். அடுத்த அறையில் அக்காவின் ஆக்சிஜன் மெஷினும் நின்றுவிடும். அவள் டம்ளரால் சுவரைத் தட்டுவாள்.

"ஏல, விழுந்துட்டு."

"வாரேன், இரு" என்று எரிந்து விழுந்துகொண்டே ஓடிப்போய் சுவிட்சைத் தூக்கிவிடுவான். உலையின் காயிலை மாற்றினான், வயரை மாற்றினான். மெயின் விழுவது நிற்கவில்லை.

அக்காவின் காரியம் முடிந்த மறுநாள் உலையைப் போட்டான். பித்தளை உருகித் தளதளத்தது. மெயின் விழவில்லை.

பழைய வயரை எடுத்துப்போக வந்த எலெக்ட்ரீஷியன் மரியதாஸ் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, ஜம்முனு ஓடுதே! யாரு சரி பண்ணுனா?"

"யாரும் பண்ணல."

அவன் போனதும் ஆவுடையப்பன் அடுத்த அறைக்குப் போனான். கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். ஆக்சிஜன் மெஷினைப் போட்டுவிட்டு, ஷெட்டுக்குத் திரும்பி வந்தான்.

கொஞ்ச நேரத்தில் மெயின் விழுந்தது. உலையின் சிவப்பு மெல்ல மங்கியது. சுவிட்சைத் தூக்க அவன் போகவில்லை. சுவரைப் பார்த்தபடி நின்றான், தட்டட்டும், போகலாம் என்று.