பச்சை ஜன்னல் வைத்த வீடு

"உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றீங்க" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணை அதிகாரி எழுதுவதை நிறுத்தியிருந்தார். இந்தப் பக்கம் தையல்காரரும் அவர் மனைவியும்.

காலையில் இருவரையும் தனித்தனி அறையில் உட்கார வைத்து ஒரே கேள்விகளைக் கேட்டிருந்தார்கள். வேறு நாட்டில் குடியேற விண்ணப்பித்த அகதிகளை அப்படித்தான் விசாரிப்பார்கள். பதில்கள் ஒத்துப்போக வேண்டும்.

"சமையலறை எந்தப் பக்கம், ஜன்னல் எத்தனை, ஐயா அதுக்குப் பச்சை பெயின்ட் அடிச்சுத் தரையெல்லாம் சொட்ட விட்டது வரைக்கும் ஒண்ணாத்தான் சொன்னீங்க. கடைசிக் கேள்வியில கவுத்துட்டீங்க. வீடு இப்போ இருக்கான்னு கேட்டா, இவர் 'பூட்டியிருக்கு'ங்கிறார். அம்மா 'இல்லை'ங்கிறாங்க. வீடு இருந்தா திரும்பிப் போயிடலாமே, எதுக்கு இன்னொரு நாடுன்னு மேடம் கேக்கிறாங்க."

மனைவி தலை நிமிரவில்லை. "அவரைக் கொஞ்சம் வெளியே அனுப்பிட்டுக் கேளுங்க."

"இனி தனியாக் கேக்க மாட்டாங்கம்மா. அவர் எதிர்லயே சொல்லுங்க. இல்லேன்னா விண்ணப்பத்தைத் தள்ளிடுவாங்க. அப்புறம் முகாம்தான் கதி."

வெளியே பெஞ்சில் மகள் உட்கார்ந்திருந்தாள். முகாமுக்கு வந்தபோது அம்மாவின் இடுப்பில் இருந்தவள், இப்போது அம்மாவின் தோள் உயரம்.

மனைவி மெதுவாக ஆரம்பித்தாள்.

"இவர் முதல்ல தப்பி வந்துட்டாருங்க. அடுத்த வருஷம் வீட்டு மேல குண்டு விழுந்துது. சமையலறைச் சுவர் மட்டும் நின்னுது. விடியறதுக்குள்ள அதுவும் சரிஞ்சுது. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு இங்க வந்தா, இவர் துரும்பா இளைச்சுக் கிடக்கிறார். என்னைப் பார்த்ததும் 'நம்ம வீடு எப்படி இருக்கு'ன்னார். 'பூட்டிட்டு வந்திருக்கேன்'னு சொல்லிட்டேன்."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே?"

"எப்படிங்க சொல்றது? தினமும் சாப்பிட்டதும் அந்தப் பேச்சுத்தான். மழை வந்தா கதவு ஊதிக்கிட்டு மூடாதே, சாயங்கால வெயில் கட்டில் வரைக்கும் வந்து படுத்துக்குமேன்னு ஒவ்வொண்ணா எடுத்து வைப்பார். அடுத்து என்ன கலர் அடிக்கலாம்னு என்னைக் கேப்பார். முகாமே கேலி பண்ணும், 'தையல்காரர் வீட்டுக்கு இன்னிக்கு என்ன கலர்'னு. நானும் ஒரு கலர் சொல்லுவேன். உண்மையைச் சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தேன். மனசு வரலை. இங்க பொய் சொல்லக் கூடாதுன்னுதான்..."

புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

அதிகாரி மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ கேட்டார்.

"ஐயா, வீடு போனது உங்களுக்கு இப்பத்தான் தெரியுமா?"

தையல்காரர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"இல்லீங்க. இவ வந்த மறுவாரமே பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்லிட்டார்."

"தெரிஞ்சுமா பூட்டியிருக்குன்னு சொன்னீங்க?"

"ரெண்டு பேர் பதிலும் ஒண்ணா இருக்கணும்னாங்களே. இவ இருக்குன்னுதான் சொல்லுவான்னு நினைச்சேன்."

"அப்போ எதை எழுத?"

"இவ சொன்னதையே எழுதுங்க. அதுதான் நிஜம்."

அதிகாரி எழுதி முடித்துத் தலையசைத்தார். "இப்போ ஒத்துப்போகுதாம். விண்ணப்பம் மேலே போகும்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

மனைவி அதைக் காதில் வாங்கவில்லை. கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இடிஞ்ச வீடுன்னு தெரிஞ்சேவா இத்தனை வருஷமா என்கிட்ட கலர் கேட்டீங்க?"

"வேற எதைப் பேசினா நீ சிரிக்கிறே?" என்றார் தையல்காரர்.