இரண்டாம் தட்டு

“இதுல எது இவளோட மூளை?” என்று கேட்டுக்கொண்டேதான் மாமியார் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தார். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். மகன் இரண்டு மாடி ஏறி வந்த களைப்பில், கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினான்.

ஆராய்ச்சியாளர் மூன்று கண்ணாடித் தட்டுகளைக் காட்டினார். மகன், மருமகள், பேத்தி மூவரிடமும் எட்டு மாதத்துக்கு முன் துளித் தோல் எடுத்து, அதை ஸ்டெம் செல்லாக மாற்றி, மூளைத் திசுவாக வளர்த்திருந்தார்கள். ஒவ்வொன்றும் மிளகு அளவுதான்.

“எது யாரோடதுன்னு எனக்கே தெரியாதும்மா. தட்டுல வெறும் நம்பர்தான். பேரெல்லாம் இந்தக் கவருக்குள்ள இருக்கு. பேர் தெரிஞ்சா கண்ணு ஓரவஞ்சனை பண்ணிடும்.”

ஓரவஞ்சனை என்றால் என்னவென்றே அறியாத மாமியார் தலையாட்டினார்.

பேத்தி வகுப்பில் தூங்கி வழிகிறாள் என்று பள்ளியிலிருந்து ஒரே ஒரு தடவை சொல்லியனுப்பினார்கள். அன்றைக்கே மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். கோளாறு மருமகள் வழியில் வந்தது. இல்லையென்று நிரூபிக்கும்வரை இரண்டாவது குழந்தை என்ற பேச்சே வீட்டில் எழக்கூடாது. மருமகளுக்கோ அந்தக் குழந்தை வேண்டும். அதற்காக இன்னும் எவ்வளவு தோல் கேட்டாலும் உரித்துக் கொடுத்திருப்பாள்.

“செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியான்னு ஒண்ணு இருக்கு. வீட்டுக்கு ஜெனரேட்டர் மாதிரி, உடம்புக்கு சக்தி தர்றது அதுதான். ஒண்ணாவது தட்டும் மூணாவது தட்டும் பிரமாதம். ரெண்டாவதுலதான் மந்தம். உயிருக்கு ஆபத்தில்ல, சட்டுனு களைச்சுப் போயிடுவாங்க.”

மருமகளின் முகம் வெளிறியது. மாமியாரின் முகம் களைகட்டியது.

“இந்த மந்தம் யார் வழியில வரும், டாக்டர்?”

“இந்த வகை அம்மா வழியில மட்டும்தான் வரும். அப்பாகிட்டேர்ந்து துளிகூட வராது. ஆனா ஒரு தட்டுல மட்டும்...”

மாமியார் பேசவிட்டால்தானே!

“கேட்டுக்கிட்டியாடி? பெத்தவ குறைதான் பிள்ளைக்கு! ஏழு வருஷமா தொண்டை கிழியக் கத்துறேன், யாராவது காதுல வாங்கினீங்களா? டாக்டர், இதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. சம்பந்தி வீட்டுக்கு ஒரு நகல் அனுப்பணும்.”

“அத்தை, முதல்ல கவரைப் பிரிச்சுப் பேரைப் பார்த்துடலாமே...”

“பேர் எதுக்கு? எந்தப் பிள்ளையா இருந்தாலும் பெத்தவதான் பொறுப்பு. இனிமே இதுல மறுபேச்சே இல்ல!”

ஆராய்ச்சியாளர் பொறுமையாக எழுதி, கையெழுத்திட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார். மாமியார் அதை இரண்டு தடவை படித்தார். நாலாக மடித்துக் கைப்பைக்குள் பத்திரப்படுத்தினார். பிறகு போனால் போகிறதென்று, கவரைப் பிரிக்கச் சொல்லிக் கையசைத்தார்.

ஆராய்ச்சியாளர் பிரித்துப் படித்தார்.

“ரெண்டாம் தட்டு உங்க பையனோடதும்மா.”