காதைக் கழற்றாத மாப்பிள்ளை

"அக்கா, நான் பேசறதை எல்லாம் மாப்பிள்ளை ரெக்கார்ட் பண்றாரோன்னு பயமா இருக்கு!"

போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு, செல்போனில் தன் அக்காவிடம் கிசுகிசுத்தாள் மாமியார்.

"என்னடி உளர்றே?"

"உளறலைக்கா. தினம் காலையில வந்து, அவரோட போனை என் தலைமாட்டுல சார்ஜ் போட்டுட்டுப் போறாரு. ஏன், அவர் ரூம்ல பிளக் இல்லையா? காதுல எப்பப் பாரு அந்த வெள்ளைக் குமிழ். ஆபீஸ் மீட்டிங்குலகூட ஒரு காதுல மாட்டியேதான் இருக்கு. அந்த உம்மணாமூஞ்சி அப்படி எதைத்தான் கேக்குதோ!"

மூச்சுத்திணறல் வந்து எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள் அவள். வந்த மூன்றாம் நாளே மகளுக்கு ஆபீஸ் வேலையாக வெளிநாட்டுப் பயணம். திரும்ப ஒரு மாதம் ஆகும். வீட்டில் மிச்சம் இருந்தது, பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் முன்னால் வேலை பார்க்கும் மாப்பிள்ளை மட்டும்தான்.

"சாப்பிட்டீங்களா அத்தை?"

"ஆச்சு மாப்பிள்ளை."

இதைத் தாண்டி இருவருக்கும் பேச்சு கிடையாது. பேச ஆளில்லாவிட்டால் வாய் சும்மா இருக்குமா? எல்லாம் அக்காவின் காதில் போய்க் கொட்டியது. சமையலில் உப்பில்லை என்று ஆரம்பித்தால், அவர் தாடி, அவர் நடை, அவரைப் பெற்றவர்கள் வரைக்கும் ஒரு ரவுண்டு போய்விட்டுத்தான் போனை வைப்பாள்.

"நேத்து என்ன நடந்துச்சு தெரியுமா? தாகமா இருக்கு, எழுந்திருக்க முடியலைன்னு உன்கிட்ட சொன்னேன்ல? சொல்லி வாயை மூடலை, வெந்நீரோட வந்து நிக்கிறாரு. அவருக்கு எப்படித் தெரியும்?"

"அடிப்பாவி! அப்ப சந்தேகமே இல்லை. ஒட்டுத்தான் கேக்கறாரு மனுஷன். எங்க தெருவுல ஒருத்தி இப்படித்தான் மருமகனைக் கண்டபடி பேசினா. பேசினதை அப்படியே போட்டுக் காட்டி, முதியோர் இல்லத்துல கொண்டு போய் விட்டுட்டாங்க. வாயை அடக்குடி!"

மாமியார் போர்வையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். இருந்த வாடகை வீட்டையும் காலி பண்ணியாயிற்று. இங்கிருந்தும் போகச் சொன்னால் எங்கே போவது? மகள் முகத்தில்தான் எப்படி முழிப்பது?

அக்காவின் அழைப்பைத் துண்டித்துவிட்டு, மாப்பிள்ளையின் போனைப் பயந்து பயந்து விரல் நுனியால் தட்டினாள். திரை வெளிச்சமானது. மேலே, மைக் படம் ஒன்று பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

அட கடவுளே, நிஜம்தானா!

போய் நேருக்கு நேர் கேட்டுவிடலாம்தான். ஆனால் மகளுக்குக் கல்யாணமாகி இந்த ஆறு வருஷத்தில், மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்து அவள் ஒரு கேள்வி கேட்டதில்லை. இப்போது மட்டும் தைரியம் எங்கிருந்து வரும்?

ஒயரைப் பிடுங்கினாள். போனைக் கனமான துண்டில் நாலு சுற்று சுற்றினாள். அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் செருகிவிட்டு, கதவை அறைந்து சாத்தினாள்.

'இப்ப கேளு, பார்க்கலாம்!'

திரும்பி வந்து கட்டிலில் சரியாக உட்காரக்கூட இல்லை. பக்கத்து அறையில் நாற்காலி தடாலென்று விழும் சத்தம்.

"அத்தை! அத்தை!"

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார் மாப்பிள்ளை. கையில், அவளுக்காக வாங்கி வைத்திருந்த இன்ஹேலர். முகத்தில் ரத்தமே இல்லை. கம்ப்யூட்டரில் யாரோ, "சார், லைன்ல இருக்கீங்களா?" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

மாமியாருக்கு இருந்த பயமெல்லாம் கோபமாக வெளியே வந்தது.

"ஏன் மாப்பிள்ளை, இது உங்களுக்கே நல்லா இருக்கா? நான் பேசறதைப் பதிவு பண்ணி மககிட்ட போட்டுக் காட்டப் போறீங்களா? என்னைத் துரத்தணும்னா நேராச் சொல்லிடுங்க. நானே போயிடறேன்!"



"பதிவா? போர்வைக்குள்ள முணுமுணுத்தது இதைத்தானா? ஐயையோ, பதிவெல்லாம் ஒண்ணும் ஆகாது அத்தை. இந்த ரூம்ல கேக்கற சத்தத்தைப் போன் உடனுக்குடன் இந்தக் குமிழுக்கு அனுப்பும், அவ்வளவுதான். காது மந்தமா இருக்கறவங்களுக்காக வச்ச வசதி."

"அது உங்களுக்கு எதுக்கு?"

"திடீர்னு மூச்சு இழுத்துச்சுன்னா உங்களால கூப்பிடக்கூட முடியாதுன்னு டாக்டர் சொன்னாரு. ஒரு மாசத்துக்கு யாராவது பக்கத்துலயே இருக்கணுமாம். நான் இங்க வந்து உட்கார்ந்தா நீங்க காலை நீட்டிப் படுப்பீங்களா? அதான் இப்படிப் பண்ணினேன். சொன்னா சங்கடப்படுவீங்கன்னு சொல்லலை, அது என் தப்புதான். இப்ப என்னடான்னா, ஏதோ புரள்ற சத்தம், டமார்னு ஒரு சத்தம், அப்புறம் உங்க மூச்சே கேக்கலை. எனக்கு உயிரே போயிடுச்சு அத்தை."

மாமியாருக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது.

"அப்படின்னா... உங்களைப் பத்தி அக்காகிட்ட நான் பேசினதெல்லாம்..."

"கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அட, அழாதீங்க அத்தை. நீங்க பேச்சை நிறுத்தினாத்தான் எனக்குப் பயம். என்னைத் திட்டிக்கிட்டு இருக்கற நேரத்துலதான் நான் நிம்மதியா வேலை பார்ப்பேன்."