வெள்ளிக்கிழமைப் பட்டு

"எடுக்கிறதா இருந்தா புடவையோட எடும்மா. அவுக்கிற பேச்சே வேணாம்."

ஆரணியில் பட்டுக்கடை வைத்திருக்கும் சிவப்பிரகாசம் கறாராகச் சொல்லிவிட்டார்.

கடை வாசலில் நிஜப் பட்டுப்புடவை கட்டி நின்றது, காலமான அவர் மனைவி திலகவதியின் பளிங்குச் சிலை. கழுத்தில் விரிசல் விழுந்திருந்தது. உடைவதற்குள் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் பத்திரப்படுத்திவிடலாம் என்று மகன் பாலுதான் சென்னையிலிருந்து தீபாவை வரவழைத்திருந்தான்.

"ஜரிகை மின்னுது சார். உருவம் சரியா பதியாது," என்றாள் தீபா.

"வெள்ளிக்கு வெள்ளி, தறியிலருந்து எறங்குற புதுப் பட்டு மொதல்ல அம்மாவுக்குத்தாங்க," என்றான் பாலு பெருமையாக. "படுதா போட்டுக்கினு அப்பாவே கட்டிவிடுவாரு. ஊரே பேசும்."

தீபாவுக்குச் சிலிர்த்தது. உயிரோடு இருக்கும் பெண்டாட்டிக்கே அடுத்த தீபாவளி பார்க்கலாம் என்று சொல்லும் ஆண்களைத்தான் அவள் பார்த்திருந்தாள்.

"அம்மா முகமாவது நெலைக்கட்டும்பா," என்று பாலு கெஞ்சினான். சிவப்பிரகாசம் தயங்கித் தயங்கிப் புடவையை அவிழ்த்தார்.

கல்லில் செதுக்கியிருந்த புடவையில் கரையே இல்லை. தோளில் மட்டும் கோணல்மாணலாக ஒரு கோடு.

"தோள்லயும் விரிசல் சார். சிற்பி கரை போடவும் மறந்துட்டாரு. ரெண்டையும் கம்ப்யூட்டர்ல சரி பண்ணிடறேன்."

"அது விரிசல் இல்லம்மா. தையல்." அவர் குரல் இறங்கிவிட்டது. "அவ கட்டிக்கினு இருந்த பழைய நூல் புடவை. போட்டோவுல இருந்தத அப்படியே செதுக்கிட்டான். விக்கிற சரக்க வூட்டுப் பொம்பள கட்டக்கூடாதுன்னு சொன்னவன் நான்தான். கடைசி வரைக்கும் ஒரு பட்டுகூட எடுத்துக் குடுக்கல."

தீபாவுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது.

"அதான் இப்ப வாரா வாரம் கட்டி அழகு பாக்கறீங்களே சார். இத்தனை வருஷத்துப் புடவையும் பீரோ நெறைய இருக்குமே? எடுத்துட்டு வாங்க. போட்டோ எடுத்து, கம்ப்யூட்டர்ல அம்மாவுக்கு ஒவ்வொண்ணா கட்டிவிடறேன்."

பாலு சட்டென்று தெருப்பக்கம் திரும்பிக்கொண்டான். சிவப்பிரகாசம் கையிலிருந்த பட்டை, பழக்கதோஷத்தில், மடிப்புக் கலையாமல் மடித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுகூட இல்லம்மா. மறுநாளே வித்துடுவோம். 'திலகவதியம்மா கட்டின புடவை, ராசி'ன்னு கூட வெலை குடுத்து வாங்கினு போறாங்க."